மன்னார் வளைகுடா சூடாகும்போது என்ன நடக்கிறது?

கேள்வி இது: "கடல் ஒரு டிகிரி சூடாகிவிட்டது என்கிறார்கள். ஒரு டிகிரியில் கரையோர உயிர்களுக்கு அப்படி என்ன ஆகிவிடும்? மீன் குறைவதற்குக் காரணம் கடல் மாறியதா, விசைப்படகுகளா?"

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. இரண்டாவதற்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. உலகக் கடல் முழுவதையும் பற்றிப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கும் மன்னார் வளைகுடாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு தொகுப்பாக 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள் (கடலடியில் பவளம் கட்டிய திட்டுகள்), கடற்புல் வெளிகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2000-களின் தொடக்கத்திலிருந்து இந்தப் பார்களில் மூழ்கி, உயிருள்ள பவளம் எவ்வளவு என்று திரும்பத் திரும்ப அளந்து வந்திருக்கிறார்கள். ஒரே இடத்தை இப்படி வருடக்கணக்கில் அளந்த கணக்கு கையில் இருப்பது பெரிய விஷயம். அது இல்லாவிட்டால் நாம் ஆளுக்கொரு ஊகம் சொல்லிக்கொண்டிருப்போம்.

முதலில் அந்த ஒரு டிகிரி. 1951-லிருந்து 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான். அதாவது நம் கடல் மற்ற கடல்களைவிட வேகமாகச் சூடாகிறது. ஆனால் எந்த உயிரும் சராசரியில் வாழ்வதில்லை. பவளத்துக்கு முக்கியம் ஏப்ரல், மே மாதங்களின் உச்சச் சூடு. அந்த உச்சம் எவ்வளவு மேலே போகிறது, எத்தனை வாரம் அங்கேயே நிற்கிறது என்பதுதான் உயிரா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது. சராசரி ஒரு டிகிரி ஏறும்போது உச்சங்களும் மேலே ஏறுகின்றன, அடிக்கடி வருகின்றன, நீண்ட நாள் தங்குகின்றன.

மன்னார் வளைகுடாவின் பார்கள் பெரும்பாலும் ஆழமில்லாதவை. பல இடங்களில் அரை மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குள்தான். கோடையில் காற்று விழுந்து கடல் தகடு போலக் கிடக்கும் நாட்களில் அந்த மெல்லிய நீர்ப்படலம் முழுக்க வெயிலை வாங்கிக்கொள்ளும். நீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டி நிற்கத் தொடங்கியதும் பவளம் வெளுக்க ஆரம்பிக்கும்.

வெளுப்பது என்றால் என்ன? பவளம் பார்க்கக் கல், ஆனால் அது விலங்கு. ஊசித் தலை அளவில் இருக்கும் ஆயிரக்கணக்கான உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்கின்றன. அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பவை அவைதான். பவளத்தின் சக்தியில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. நிறமும் அந்தப் பாசியுடையதுதான். சூடு ஒரு எல்லையைத் தாண்டும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை கோளாறாகி, பவளத்தின் சதையைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் அதற்குள் உண்டாகின்றன. உடனே பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரிகிறது. இதைப் பலரும் சாவு என்று நினைக்கிறார்கள். வெளுத்த பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியில் இருக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வந்து குடியேறும். குளிரவில்லை என்றால் இறந்துவிடும்.

இங்கே நம்மைக் காப்பாற்றி வந்தது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் மாதம் கச்சான் வலுத்து வீசத் தொடங்கினால் மேல்நீரின் சூடு கலைகிறது, கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் இங்கே கொஞ்சமாவது வெளுப்பு பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான வருடங்களில் ஜூலை, ஆகஸ்டில் நிறம் திரும்பியும் விட்டது. அதனால் வெளுப்பதே அழிவு என்று நினைக்க வேண்டாம். இந்தப் பார்கள் அடி வாங்கிப் பழகியவை. கலங்கிய நீர், மழைக்கால ஆற்று நீர், வலை, நங்கூரம் எல்லாவற்றையும் தாங்கி வந்தவை.

சரி, பிறகு எங்கே பிரச்சினை? அளந்த கணக்கைப் பார்த்தால் தெரியும்.

2005 வாக்கில் முடிந்த கணக்கெடுப்பில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 37 சதவீதம். 2009-ல் அது கிட்டத்தட்ட 43 சதவீதமாக உயர்ந்தது. சூடாகிக்கொண்டிருந்த கடலில் பவளம் எப்படிக் கூடியது? காரணம் கடலில் இல்லை, கரையில் இருந்தது. பல பத்தாண்டுகளாகத் தூத்துக்குடிப் பக்கம் பார்களை உடைத்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு, பார் இருந்தால் அலையின் வேகம் குறையும் என்ற புரிதலும் கரையில் பரவியது. 2005 வாக்கில் கல் வெட்டுவது அநேகமாக நின்றுபோனது. நான்கே வருடத்தில் ஆறு சதவீதம் கூடுதல். மனிதன் கையை எடுத்ததும் பார் எவ்வளவு விரைவாக எழுந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

2010-ல் எல் நினோ வந்தது, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வானிலையையே மாற்றும் நிகழ்வு. பெரிய வெளுப்பு. 43 சதவீதம் 33-க்கு இறங்கியது. பிறகு மீளத் தொடங்கி, ஐந்து வருடத்தில் 2015-ல் சுமார் 39 வரை வந்தது. 2016-ல் மறுபடி உலகம் முழுக்கக் கடற்சூடு. இந்த முறை அடி பலமாக விழுந்து 2017 கணக்கெடுப்பில் சுமார் 23 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. 2019-ல் 27.

இந்த எண்களில் சரிவை மட்டும் பார்த்தால் முக்கியமானது தவறிப்போகும். ஏறிய உயரங்களைப் பாருங்கள்: 43, 39, 27. ஒவ்வொரு முறையும் பார் மீள்கிறது, ஆனால் முழுதாக மீள்வதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. 2010-ல் இழந்த பத்தில் ஆறைத் திரும்பப் பெறவே ஐந்து வருடம் ஆனது. 2016-ல் பதினாறை இழந்தது. அதே வேகத்தில் கணக்குப் போட்டால் அதை ஈடுகட்டப் பதின்மூன்று வருடமாவது தொந்தரவில்லாமல் இருக்க வேண்டும். நடந்தது வேறு. 2020 மே மாதக் கடல் வெப்ப அலைக்குப் பிறகு நீருக்கடியில் எடுத்த ஆய்வு ஒன்றில் மன்னார் வளைகுடாவின் பவளங்களில் 85 சதவீதம் வெளுத்திருந்தன. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்து லட்சத்தீவில் அந்த வருடம் கடுமையான வெளுப்பு.

மாறும் கடல் கரையோர உயிர்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்: அடிக்கும் அடிக்குக் கடலோரம் தாங்கும். இரண்டு அடிகளுக்கு நடுவில் எழுந்து நிற்கத் தேவைப்படும் காலத்தைத்தான் சூடாகும் கடல் எடுத்துக்கொண்டிருக்கிறது. கீழே சொல்லும் மற்ற எல்லாவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் புரிவது எளிது.

சதவீதம் ஒரே எண்ணாக இருந்தாலும் எந்தப் பவளம் போகிறது என்பது வேறு கதை. 2010-லும் 2016-லும் அதிகம் செத்தவை வேகமாக வளரும் கிளைப் பவளங்களும் தட்டுப் பவளங்களும்: மான்கொம்புப் பவளம் என்று சொல்லும் அக்ரோபோரா, மாண்டிபோரா, பொசிலோபோரா. தாங்கி நின்றவை போரைட்டிஸ் போன்ற உருண்டையான, மெதுவாக வளரும் வகைகள். மேலோட்டமாகப் பார்த்தால் "கொஞ்சம் பவளம் மிஞ்சியிருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் மீன் குஞ்சு ஒளிந்துகொள்வது கிளைகளுக்கு இடையில்தான். உருண்டைக் கல்லின் மேல் ஒளிய இடமில்லை. கிளைப் பவளம் செத்த பிறகு ஓரிரு பருவங்களின் அலையில் ஒடிந்து குறுகல்லாகிவிடும். அலையில் உருண்டுகொண்டே இருக்கும் அந்தக் கல்லில் புதிய பவளக் குஞ்சு ஒட்டி வளர முடியாது. போதாக்குறைக்கு, வெளுப்பிலிருந்து தப்பிய பவளமும் உடம்பைத் தேற்றவே சக்தியைச் செலவழிப்பதால் அடுத்த ஓரிரு வருடம் குறைவாகத்தான் இனப்பெருக்கம் செய்யும். கலவா, சிங்கி இறால் போன்ற விலையுள்ள சரக்கெல்லாம் பாரை நம்பியவை. பாரின் உருவம் தட்டையாகும்போது அவற்றின் எண்ணிக்கையும் கூடவே இறங்கும்.

செத்த பவளம் வெறும் இடமாகக் கிடக்காது. சில வாரங்களிலேயே பாசி படரும். அந்தப் பாசியை மேய்பவை ஓராவும் கிளிமீனும். அவை போதுமான அளவில் இருந்தால் பாறை சுத்தமாகி, புதிய பவளம் ஒட்ட இடம் கிடைக்கும். அவற்றைச் சிறுகண்ணி வலையில் அள்ளிவிட்டால் பாசி அடர்ந்து அந்த இடத்தைப் பட்டா போட்டுக்கொள்ளும். ஒரே சூடு, ஒரே அளவு சாவு, ஆனால் மேயும் மீன் இருக்கிற பார் மீள்கிறது, இல்லாத பார் மீள்வதில்லை. கடலின் மாற்றமும் மீன்பிடியும் சந்திக்கும் இடங்களில் இது முக்கியமான ஒன்று. இரண்டில் எது குற்றவாளி என்று கேட்பதில் அதனால்தான் பெரிய பயன் இல்லை.

பாசி என்றதும் கப்பாஃபைகஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தப் பாசி மண்டபம் பக்கம் கடலில் மிதவை கட்டி வளர்க்கப்பட்டது. 2008-ல் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அது படர்ந்திருப்பது பதிவானது. போர்வை மாதிரி மூடி வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. அதே நேரம் இந்தப் பாசி வளர்ப்பு ராமநாதபுரம் கரையில் எத்தனையோ பெண்களுக்குச் சொந்த வருமானத்தைக் கொடுத்த தொழில். 2013 வாக்கில் அந்த வளர்ப்புப் பாசியே பாக் விரிகுடாவில் பெருமளவில் அழிந்தது. நீர் சூடானதும் நோயும் காரணமாகச் சொல்லப்பட்டன. பவளத்தை மூடும் பாசிக்கும் சூடு பகை, பாசியை நம்பிய குடும்பத்துக்கும் சூடு பகை. காலம் காலமாக மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்களுக்கும் பார்தான் வயல். இந்தக் கரையில் சூழலையும் பிழைப்பையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க வழியே இல்லை.

அடுத்தது ஆக்சிஜன். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் இருக்கும் கடல்நீரைவிட 30 டிகிரி நீர் சுமார் 8 சதவீதம் குறைவாகவே ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. 1960-லிருந்து அரை நூற்றாண்டில் உலகக் கடல்கள் தங்கள் ஆக்சிஜனில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கின்றன.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரையில் இரவில் நீலமாக மின்னியதே, மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்களே, அதுவும் இதே உயிரிதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காற்றும் ஓட்டமும் அடங்கிய கரையோரத்தில் அது பெருகிக் குவிந்து, செத்து அழுகும்போது நீரில் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் தீர்த்துவிடுகின்றன. அமோனியாவும் சேர்கிறது. நீந்தக்கூடிய மீன் தப்பி ஓடலாம். பார் ஓட முடியாது. அந்த முறை மீன்களோடு பவளமும் செத்தது. 2016 அடியிலிருந்து தேறிக்கொண்டிருந்த அதே வேகமாக வளரும் வகைகள்தான் இதிலும் அதிகம் பட்டன. பூங்கோரை புதிதல்ல, 2008-லும் இங்கே பெருகிப் பதிவாகியிருக்கிறது. ஆனால் கழிவுநீரும் உரமும் ஓடி வந்து சேரும் கரை, சூடான மேல்நீர், காற்று விழுந்த நாட்கள் மூன்றும் ஒன்றாகச் சேர்வது அதற்குக் கொண்டாட்டம். மூன்றில் முதலாவது முழுக்க நம் கையில் இருப்பது.

கடல்நீர் அமிலமாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் கால் பங்கு அளவு கடலில் கரைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேல்நீரின் பி.எச். (அமிலத்தன்மையை அளக்கும் எண், அது குறைந்தால் அமிலம் கூடுகிறது) இப்போது 8.1 அளவில். எண் சின்னது, ஆனால் அந்த அளவுகோல் மடக்கைக் கணக்கில் ஓடுவது. அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பில் கூடு கட்டும் பவளம், சங்கு, சிப்பி எல்லாவற்றுக்கும் கட்டுமானச் செலவு ஏறுகிறது. வெளுப்பு மாதிரி ஒரே கோடையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லை இது. மீள்வதற்கான வேகத்தை மெதுவாகத் தின்கிறது. மேலே சொன்ன இடைவெளிப் பிரச்சினையை இது இன்னும் மோசமாக்குகிறது.

இப்போது மீனுக்கு வருவோம். பவளத்தால் நகர முடியாது, மீனால் முடியும். இடத்திலும் நகர்கிறது, காலத்திலும் நகர்கிறது.

காலத்துக்கு உதாரணம் நம் சங்கரா. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விவேகானந்தன் முதலானோர் சென்னைக் கரையில் பிடிபட்ட சங்கராவின் முட்டையிடும் பருவத்தைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 1980-ல் முட்டையிடும் நிலையில் இருந்த மீன்களில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான சூடான மாதங்களில் கிடைத்தன. 2004-ல் அந்த மாதங்களில் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரையான குளிர்ந்த மாதங்களுக்குப் போய்விட்டன. மீன் தனக்குத் தோதான சூட்டைத் தேடிக் காலண்டரில் இடம் மாறிக்கொண்டது. நல்லதுதானே, சமாளித்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முட்டையிடும் மீனைக் காப்பதுதான் அதன் நோக்கம். ஒரு மீன் தன் முட்டையிடும் காலத்தை மழைக்காலத்துக்கும் பனிக்காலத்துக்கும் மாற்றிக்கொண்டுவிட்டால், தடைக்காலம் அந்த மீனைப் பொறுத்தவரை காலி வீட்டுக்குக் காவல் காப்பதாகிவிடும். எல்லா மீனும் அப்படி மாறிவிட்டதாக நான் சொல்லவில்லை. எந்தெந்த மீன் மாறியிருக்கிறது என்று வகைவாரியாகப் பார்த்து, தடைக்காலத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து. தடையை எடுத்துவிட வேண்டும் என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. பவளத்தைப் பொறுத்தவரை இப்போதைய தடைக்காலம் தற்செயலாக நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது. வெளுப்பு உச்சத்தில் இருக்கும் வாரங்களில் இழுவைப் படகுகள் அடிச்சேற்றைக் கலக்காமல் இருப்பது அந்தப் பட்டினி கிடக்கும் உயிர்களுக்குப் பெரிய உதவி.

இடத்துக்கு உதாரணம் மத்தி, நம் பக்கம் பேச்சாளை. 1985 வரைக்கும் இந்தியாவின் மத்தி அநேகமாக முழுக்க கேரளம், தென் கர்நாடகக் கரையில்தான் பிடிபட்டது. அதன் பிறகு வடக்கே பரவியது, கன்னியாகுமரியைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கும் வந்தது. தமிழ்நாட்டுக் கரையில் அது பெரிய வரவானது அப்படித்தான். சூடான கடலால் நமக்கு ஒரு மீன் லாபம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேரளத்தின் கணக்கைப் பாருங்கள்: 2012-ல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன், 2021-ல் வெறும் 3,297 டன், 2023-ல் மறுபடி 1.38 லட்சம் டன். இந்த ஆட்டத்தில் எல் நினோவுக்குப் பங்கு உண்டு, பருவக்காற்று கீழ்நீரை மேலே கொண்டுவரும் அளவுக்குப் பங்கு உண்டு, குஞ்சு மீனை அள்ளியதற்கும் பங்கு உண்டு. இரண்டு வருடத்தில் முப்பது நாற்பது மடங்கு ஏறி இறங்கும் ஒரு மீனை நம்பி எந்தக் குடும்பம் கடன் வாங்கிப் படகு கட்டும்? மீன் மொத்தமாகக் குறைவதைவிட, வருமா வராதா என்று கணிக்க முடியாமல் போவதுதான் கரையில் இருப்பவர்களை அதிகம் வாட்டுகிறது.

தீவுகளையும் பார்க்க வேண்டும். 21 தீவுகள் என்று சொன்னேன். அவற்றில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014-ல் ஏறக்குறைய 2 ஹெக்டேர். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1990-களிலிருந்து வருடத்துக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்கிறது. அது மட்டுமே இந்தத் தீவுகளைக் கரைத்துவிடவில்லை. இவை பவள மணலால் ஆன தீவுகள். சுற்றி இருக்கும் பார்தான் அலையை உடைத்து மணலைப் பிடித்து வைத்திருந்தது. பாரை வெட்டி எடுத்தோம், மிஞ்சியது வெளுத்துச் செத்தது, அலை நேராகத் தீவின் மேல் விழுகிறது. உயிருள்ள பார் கடல் மட்டம் ஏற ஏறத் தானும் மேலே வளர்ந்துகொள்ளும். செத்த பார் தேயும். 2015 டிசம்பரிலிருந்து வான் தீவின் கடல் பக்கம் கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பார்க் கட்டமைப்புகளை இறக்கினார்கள். தேய்மானம் நின்று மணல் மறுபடி சேரத் தொடங்கியது, கட்டமைப்புகளில் மீனும் பவளமும் குடியேறின. இப்போது கரியாச்சல்லித் தீவிலும் அதே வழியில் வேலை தொடங்கியிருக்கிறார்கள். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், ஆனால் கான்கிரீட் அலையைத்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. அதில் ஒட்டி வளரும் பவளமும் மே மாதத்தில் அதே நீரில்தான் இருக்க வேண்டும்.

கடற்புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பரவியிருக்கும் புல்வெளிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும்போது சுற்றியுள்ள நீரிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, அமிலத்தன்மையைத் தங்கள் அளவில் குறைக்கின்றன, ஆக்சிஜனை விடுகின்றன, சேற்றைப் பிடித்து நீரைத் தெளிவாக்குகின்றன. இறால் குஞ்சுக்கும் ஓராவுக்கும் வளரும் இடம் இது, ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு உணவே இதுதான். 2022-ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியா பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. பவளத்தைவிடச் சூட்டைக் கொஞ்சம் தாங்கக்கூடியது கடற்புல். அதற்கு முதல் எதிரி கலங்கல். வெளிச்சம் அடிமட்டம் வரை போகவில்லை என்றால் செத்துவிடும். கலக்குவதை நிறுத்தினால் திரும்ப முளைக்கவும் செய்யும்.

ஆக, கடலா விசைப்படகா என்ற கேள்விக்கு வருகிறேன். சூடு, அமிலம், மட்டம் உயர்வது, இவை மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ முடிவாகிற விஷயங்கள் இல்லை. உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைக்காமல் அவை நிற்கப்போவதில்லை. இதை மழுப்புவதில் பயனில்லை. ஆனால் அடி விழுந்த பிறகு எவ்வளவு வேகமாக எழுந்திருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் உள்ளூர் விஷயங்கள்: மேயும் மீன் இருக்கிறதா, நீர் தெளிவாக இருக்கிறதா, கழிவு வந்து சேர்கிறதா, அடிமட்டம் கிளறப்படுகிறதா. 2005-க்கும் 2009-க்கும் இடையில் கூடிய அந்த ஆறு சதவீதம் இதற்கு அத்தாட்சி. கடல் அப்போதும் சூடாகிக்கொண்டுதான் இருந்தது.

விசைப்படகுக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கடன், டீசல் விலை, குறுகிய கடல், எல்லைப் பிரச்சினை எல்லாம் சேர்ந்துதான் அவர்களைக் கரையோரத்துக்குத் தள்ளுகின்றன. ஆனாலும் 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது. அந்த நீர் நாட்டுப் படகுகளுக்கானது. தீவுகளை ஒட்டிய புல்வெளிகளும் பார்களும் கணிசமாக அந்த எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ வருகின்றன. இப்போது நான் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், புதிய திட்டம் எதையும் கேட்க மாட்டேன். இருக்கிற அந்தக் கரையோர விதியை வருடம் முழுக்க, குறிப்பாக வெளுப்புக்குப் பிறகு பார் தேறிக்கொண்டிருக்கும் ஜூலை முதல் டிசம்பர் வரை, உண்மையாக நடைமுறைப்படுத்தச் சொல்வேன். கூடவே, படகைக் கரையோரத்திலிருந்து விலக்கிக்கொள்பவரின் கடனுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பேன். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் நடக்காது.